எந்தச் சான்றிதழ்?

நம் சங்க மலருக்கு எழுதுவோர் பெரும்பாலும் சங்க இலக்கியத்தைப் பற்றியோ, கோல்கொண்டாக் கோட்டையைப் பற்றியோ எழுதுகின்றனர். எழுதட்டும், நன்றாகவே எழுதுகின்றனர். ஆனால் இரவு பதினொரு மணிக்கு விடுதி மொட்டை மாடியில் நம்மவர் நால்வர் கூடினால் பேச்சு புறநானூற்றில் தொடங்குவதில்லை. "அந்தச் சர்ட்டிபிகேட் பண்ணலாமா, இந்தச் சர்ட்டிபிகேட் பண்ணலாமா?" என்பதில்தான் தொடங்குகிறது, பல நாள் அதிலேயே முடிந்தும் விடுகிறது. ஆகவே அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன். இலக்கிய அன்பர்கள் இப்பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம்; எனக்கு வருத்தம் இல்லை. கணிப்பொறி மாணவர்கள் மட்டும் உடன் வருக.

நான் எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கின்றவன். ஊர் ஈரோட்டை அடுத்த பவானி. அம்மா அங்கே ஜமுக்காளக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சென்ற கோடை விடுமுறை முடிந்து நான் ஹைதராபாத் திரும்பிய இரண்டாவது வாரம், ஏலச் சீட்டு ஒன்றைக் கழிவு போனாலும் போகட்டும் என்று எடுத்து, முப்பதாயிரம் ரூபாய் அனுப்பி வைத்தார். "எதுக்குக் கட்டோணுமோ கட்டிக்கோ கண்ணு. ஒருக்காத்தான் அனுப்ப முடியும், பாத்துச் செய்" என்றார் தொலைபேசியில். எதைப் படிப்பாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். ஏதோ ஒன்றைச் சொல்லி, சொன்னதற்காகவே அதைச் செய்து முடித்திருப்பேன்.

முப்பதாயிரம் ரூபாய்க்குச் சான்றிதழ்ச் சந்தையில் என்ன கிடைக்கும்? நான் விசாரித்த வேளையில் சிஸ்கோ கம்பெனியின் சி.சி.என்.ஏ. தேர்வுக்குக் கட்டணம் 300 டாலர். அதன்மேல் வரி. ரூபாயாக்கிப் பார்த்தால் அம்மா அனுப்பிய தொகையை அப்படியே விழுங்கிவிடும். அமேசானின் கிளவுட் தேர்வுகளில் 'அசோசியேட்' என்ற படிக்கு 150 டாலர், சரியாகப் பாதி. மைக்ரோசாப்ட் இந்தியருக்கென்று விலையைக் குறைத்தே வைத்திருக்கிறது. குபெர்னெட்டிஸ் தேர்வு 400 டாலரைத் தாண்டுவது. அதை நான் கண்ணால் பார்த்ததோடு சரி. ஆக, ஒரு பழைய சான்றிதழ், அல்லது இரண்டு புதிய சான்றிதழ். கணக்காகப் பார்த்தால் இரண்டே மேல் என்று அம்மாவின் கடை முதலாளி சொல்லியிருப்பார்.

பழையது, புதியது என்று எதை வைத்துச் சொல்கிறேன்? பிறந்த ஆண்டை வைத்துத்தான். சி.சி.என்.ஏ. 1998இல் பிறந்தது. இன்று நம்மில் பலருக்கு அக்காள் வயது. அமேசானின் முதல் கிளவுட் சான்றிதழ் 2013இல் வந்தது; குபெர்னெட்டிஸ் நிர்வாகிக்கான சி.கே.ஏ. 2017இல். செயற்கை அறிவுக்கென்று அமேசான் தனியாக ஒன்றை 2024இல்தான் வெளியிட்டது. இந்த வரிசையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை அமீர்பேட்டைக்குப் புறப்பட்டேன்.

அமீர்பேட்டையைப் பார்க்காத நம் மாணவர் இருக்க முடியாது. ஆயினும் இவ்வாண்டு புதிதாக வந்தவர்களுக்காகச் சில சொற்கள். ராயதுர்கம் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே போய்விடலாம். மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றிய தெருக்களில் இரும்புச் சட்டம் தெரியாதபடி விளம்பரப் பலகைகள். கையில் துண்டுத் தாளைத் திணிப்பவர்கள், நூறு பக்கப் பாடக் குறிப்பைச் சுருள்கம்பி போட்டு விற்கும் ஜெராக்ஸ் கடைகள், மிளகாய் பஜ்ஜி வண்டிகள், ஆண்கள் விடுதிகள், பெண்கள் விடுதிகள். காலை ஏழு மணிக்கு ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு ஏறும்போது படிக்கட்டில் இறங்குவோரும் ஏறுவோரும் மோதிக்கொள்கின்றனர். முதல் வகுப்பு எங்கும் இலவசம்; 'டெமோ' என்பர். நான் அன்று ஒரே நாளில் மூன்று டெமோக் கேட்டேன். மூன்று ஆசிரியர்களும் நன்றாகவே பேசினர். தங்கள் பாடத்திற்கு மட்டுமே எதிர்காலம் இருப்பதாக மூவரும் தனித்தனியே சொன்னதுதான் சற்று இடித்தது.

ஒரு நிலையத்தின் பலகையில் 'ஏ.ஐ.' என்று பெரிதாக ஒட்டியிருந்தார்கள். ஒட்டுத்தாளின் ஒரு மூலை மழையில் பிரிந்து தொங்கியது. அடியில் 'ஹடூப்' என்ற எழுத்துகள் பாதி தெரிந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தெருவையே கூட்டியவர் அந்த ஹடூப்பார்தான். அதற்கும் அடியில் வேறு ஏதோ நீல எழுத்து. தொல்பொருள் துறையார் மண்ணைத் தோண்டி அடுக்கு அடுக்காகக் காலத்தைச் சொல்வது போல, அமீர்பேட்டைப் பலகையைச் சுரண்டினால் நம் தொழிலின் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

இவ்விடத்தில் என் பெரியப்பா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு இப்பொழுது ஐம்பதை நெருங்கும் வயது. அவர் வீட்டு முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. எம்.சி.எஸ்.இ. என்பது அதன் பெயர். விண்டோஸ் என்.டி. 4.0 என்ற மென்பொருளை நிர்வகிக்க வல்லவர் என்று மைக்ரோசாப்ட் 1999இல் அளித்த சான்று. ஆறு தேர்வு எழுத வேண்டும். நான்கு கட்டாயம், இரண்டு விருப்பம். அந்த ஆறு கட்டணத்துக்காகப் பெரியம்மாவின் வளையல்கள் வங்கிக்குப் போய்வந்தன. அதைக் காட்டித்தான் அண்ணன் கோவையில் ஒரு பஞ்சாலையின் கணிப்பொறி அறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

சேர்ந்த சில மாதங்களில் மைக்ரோசாப்ட் ஓர் இடியை இறக்கியது. விண்டோஸ் 2000 வந்துவிட்டது, ஆதலால் என்.டி.யில் பெற்ற எம்.சி.எஸ்.இ. 2001 டிசம்பர் இறுதியோடு காலாவதி என்றது. புதுத் தேர்வுகளை எழுதினால்தான் பட்டம் நிலைக்கும். கருணையாக ஒரு வழியும் வைத்தது: நான்கு தேர்வுகளைச் சேர்த்து ஒரே தேர்வாக, கட்டணமின்றி எழுதலாம்; ஆனால் ஒரே முறைதான், தவறினால் தவறியதுதான். அண்ணன் பகலில் ஆலை வேலை, இரவில் படிப்பு என்று எட்டு மாதம் கிடந்து அதில் தேறினார். எஞ்சிய தேர்வுகளைக் காசு கொடுத்து எழுதினார். எல்லாம் முடிந்த பிறகு, 2001 அக்டோபரில், பழைய சான்றிதழ்கள் காலாவதி ஆகமாட்டா என்று அதே கம்பெனி அறிவித்தது. இதை அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார். பெரியம்மா இன்றுவரை சிரிப்பதில்லை.

எம்.சி.எஸ்.இ.யின் பிற்காலக் கதை சுருக்கமானது. 2012இல் அதே நான்கு எழுத்துகளுக்கு வேறு விரிவாக்கம் கொடுத்தனர். 2018 முதல் வேலையின் பெயரால் அமைந்த சான்றிதழ்கள் வரத் தொடங்கின. 2021 ஜனவரி 31ஆம் நாளோடு பழைய வரிசைத் தேர்வுகள் அனைத்தும் முடிந்தன. அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கும் பெயரை இனி எவரும் வாங்க இயலாது.

அதற்கு முன்பும் இப்படி ஒன்று நடந்ததுண்டு. 1990களின் தொடக்கத்தில் நாவெல் கம்பெனியின் நெட்வேர்தான் அலுவலக நெட்வொர்க்குகளின் அரசர், அதன் சி.என்.இ. சான்றிதழ் வைத்திருந்தவருக்கு நல்ல மதிப்பு. விண்டோஸ் என்.டி. வந்து அரசரை இறக்கியது; சான்றிதழும் சிம்மாசனத்தோடு போயிற்று.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்ட என் அறைத்தோழர் திருநெல்வேலிக்காரர். "ஏலே, செத்தவனுக்கு ஜாதகம் பாத்துக்கிட்டு இருக்கியா?" என்றார். அவர் கிளவுட் கட்சி. அவர் வாதம் எளிது. இன்று வேலை விளம்பரங்களில் எந்தச் சொல் வருகிறதோ அந்தச் சொல் நம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை முதலில் படிப்பவர் மனிதர் அல்லர், மென்பொருள். அது சொல்லைத் தேடும், இல்லையென்றால் தள்ளும். நாம் எவ்வளவு ஆழமாகப் படித்தோம் என்பதை எடுத்துச் சொல்ல, முதலில் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டுமே!

இதில் உண்மை உண்டு. நமக்கு மூத்த மாணவர் ஒருவர், சி.சி.என்.ஏ. தேறியவர், நெட்வொர்க்கில் நல்ல பயிற்சி உடையவர், பல இடங்களுக்கு விண்ணப்பித்தும் நீண்ட நாள் அழைப்பின்றி இருந்தார். விண்ணப்பத்தில் கிளவுட் என்ற சொல்லே இல்லாமையே காரணம் என்று அவரே கருதுகிறார். ஆனால் அறைத்தோழருக்கு நான் சொன்னது இன்னொரு மூத்தவரின் கதை. இவர் கிளவுட் சான்றிதழ் இரண்டு வைத்திருந்தார். உடனே அழைப்பும் வந்தது. நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வி: "இந்தச் சர்வர் இயங்குகிறது, ஆனால் இதிலிருந்து இன்டர்நெட்டுக்குப் போக முடியவில்லை. எங்கெங்கே பார்ப்பீர்கள்?" அவர் சேவைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாராம். ரூட் டேபிள் என்ற சொல்லும் அவற்றில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டபோது நின்றுவிட்டார்.

நான் முடிவுக்கு வரக் காரணமாக இருந்தது இவ்விருவர் கதையும் அன்று. ஒரு சிறு கணக்கு. நெட்வொர்க் படித்தவர்க்கு அது பாலபாடம். மற்றவர்க்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

ஐ.பி. முகவரி என்பது 32 பிட் கொண்ட எண். அதில் முதல் 28 பிட் தெருவின் பெயர் என்றும், எஞ்சிய நான்கு வீட்டு எண் என்றும் கொண்டால், அத்தெருவை /28 என்று எழுதுவர். நான்கு பிட்டுக்குப் பதினாறு வீடுகள். முதல் எண் தெருவையே குறிக்கும். கடைசி எண் தெருவில் உள்ள எல்லோரையும் ஒருசேர அழைப்பதற்கு. ஆகவே குடிபுகத் தக்கவை 14. சிஸ்கோ வகுப்பில் சேர்ந்த முதல் மாதமே இது வந்துவிடும். அமேசானின் கிளவுடில் அதே /28 தெருவை அமைத்தால் 14 வீடு கிடைக்காது, 11தான் கிடைக்கும். அமேசான் ஒவ்வொரு தெருவிலும் ஐந்து எண்களைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது: அந்த முதலும் கடைசியும் போக, வழிகாட்டும் ரூட்டருக்கு ஒன்று, பெயரைத் தேடித் தரும் டி.என்.எஸ்.ஸுக்கு ஒன்று, பிற்காலத் தேவைக்கு ஒன்று.

இந்த 11 என்ற எண்ணைக் கிளவுட் மாணவர் மனப்பாடம் செய்கிறார். 14ஐ அறிந்தவரோ மூன்றைக் கழித்துக்கொள்கிறார். வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அன்றிரவு இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது என் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஐ.பி.யின் இன்றைய நான்காம் பதிப்பை வரையறுத்த ஆவணம் 1981 செப்டம்பரில் வெளிவந்தது. தெருக்களை விரும்பிய அளவில் பிரித்துக்கொள்ளும் முறை 1993இல் வந்தது. வீட்டுக்குள் மட்டும் வழங்கும் 10, 172.16, 192.168 முதலிய முகவரிகள் 1996இல் இன்றைய வடிவில் ஒதுக்கப்பட்டன. அமேசானின் கிளவுட் இவை எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, எடுத்து ஆள்கிறது. அங்கே 'நெட்வொர்க் ஏ.சி.எல்.' என்று ஒரு காவல் இருக்கிறது. உள்ளே போனவன் திரும்பி வரும்போதும் அடையாளம் கேட்கும். முன்பு விட்டது நினைவிராது. சிஸ்கோ ரூட்டரில் சாதாரணமாக எழுதும் ஆக்ஸஸ் லிஸ்ட்டும் அந்தக் குணமே உடையது. 'செக்யூரிட்டி குரூப்' என்பதோ போனவனை நினைவில் வைத்துக்கொண்டு திரும்ப விடும். இவ்விரண்டும் வேறுபடும் இடம் கிளவுட் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. அறைத்தோழர் அதற்கு ஒரு பாட்டுப் போல ஏதோ கட்டி வைத்திருந்தார். காரணத்தைச் சொன்னதும் பாட்டை விட்டுவிட்டார்.

அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "ஆறு பேப்பர் எழுதினேன் தம்பி. அஞ்சு போயிருச்சு. விருப்பப் பாடமா ஒண்ணு எடுத்தேன் பாரு, டி.சி.பி./ஐ.பி.ன்னு, அது ஒண்ணு இன்னிக்கும் சோறு போடுது" என்றார். இப்பொழுது அவர் ஒரு மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார். விண்டோஸ் 2000க்காக மறுபடி படித்ததும் முற்றும் வீண் அன்று என்றார். ஆக்டிவ் டைரக்டரி அந்தப் பதிப்பில்தான் அறிமுகமாயிற்று. இன்றும் அலுவலகம் அலுவலகமாக அதுவே ஊழியர்களை உள்ளே விடுகிறது. அதன் கிளவுட் உறவினருக்கு 2023இல் 'என்ட்ரா' என்று பெயர் மாற்றினார்கள். பெயரை அண்ணன் ஒரு நாளில் பழகிக்கொண்டார்.

பழையது என்றேனே, அந்தச் சி.சி.என்.ஏ. உண்மையில் பழையதாகவும் இல்லை. 2020 பிப்ரவரி 24ஆம் நாள் சிஸ்கோ தன் வீட்டையே இடித்துக் கட்டியது. அதுவரை சி.சி.என்.ஏ.யில் ரூட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று பல கிளைகள் இருந்தன. எல்லாவற்றையும் நீக்கி 200-301 என்ற ஒரே தேர்வாக்கினர். நெட்வொர்க்கை நிரல் எழுதி நடத்துவது உள்ளே வந்தது. சிஸ்கோ தானே வளர்த்த ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற வழிமுறை பாடத்திலிருந்து இறங்கியது. 2024 ஆகஸ்டில் செய்த சிறு திருத்தத்தில் செயற்கை அறிவு பற்றியும் சில வரிகள் சேர்ந்தன. அமீர்பேட்டை ஜெராக்ஸ் கடையில் நான் புரட்டிய குறிப்போ ஈ.ஐ.ஜி.ஆர்.பி.க்கு நாற்பது பக்கம் ஒதுக்கியிருந்தது. வாங்குவோர் முதல் பக்கத்தில் தேர்வு எண்ணைப் பார்த்து வாங்குக.

ஜெராக்ஸ் கடை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அங்கே பாடக் குறிப்பு மட்டும் விற்பதில்லை. 'டம்ப்' என்று ஒன்று கிடைக்கும். முன்பு எழுதியவர்கள் நினைவில் கொண்டுவந்த கேள்விகளும் விடைகளும். அதை உருப்போட்டுத் தேறுவோர் உண்டு. அண்ணன் காலத்திலேயே இவ்வகையினரைக் காகித எம்.சி.எஸ்.இ. என்று கேலி செய்தார்களாம். சான்றிதழின் மதிப்பைக் குறைப்பது அதன் வயது மட்டும் அன்று. இந்தக் காகிதக் கூட்டமும்தான். இதற்கு எளிதில் இடங்கொடாத தேர்வுகள் செய்முறைத் தேர்வுகள். ரெட்ஹாட் 1999 முதல் நடத்தும் ஆர்.எச்.சி.இ. தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. கணிப்பொறியின் முன் உட்கார வைத்து, இதைச் செய், அதைச் சரிசெய் என்பார்கள். புதிய குபெர்னெட்டிஸ் தேர்வும் அப்படியே. இரண்டு மணி நேரம், எதிரே ஒரு கட்டளைத்திரை. கையேட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. அனுமதித்தும் பலர் தவறுகின்றனர் என்றால் அந்தத் தேர்வின் தரத்தை யூகித்துக்கொள்ளலாம். என் கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் இக்கட்டுரையின் முடிவே வேறாக இருந்திருக்கும்.

ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சன் கம்பெனி அளித்த ஜாவாச் சான்றிதழுக்கு முடிவு நாள் கிடையாது. 2010இல் ஆரக்கிள் அந்தக் கம்பெனியை வாங்கிய பின்னும் பழைய சான்று செல்லும். காம்ப்டியா 2011க்கு முன் கொடுத்தவை ஆயுள் முழுவதும். பிறகு கொடுத்தவை மூன்றாண்டு. சிஸ்கோவும் அமேசானும் மூன்றாண்டு. குபெர்னெட்டிஸ் மூன்றாண்டாக இருந்ததை 2024 ஏப்ரலில் இரண்டாக்கியது. மைக்ரோசாப்டின் வேலைவழிச் சான்று ஓராண்டுதான். ஆனால் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே ஒரு சிறு தேர்வு எழுதினால் போதும். இந்த ஏற்பாட்டை நான் மெச்சுகிறேன். காசு கேட்காத புதுப்பிப்பு ஏழை மாணவனுக்குப் பெரிய உதவி.

அரசு வேலை விரும்புவோர் இவ்வளவும் கேட்டுக் குழம்ப வேண்டியதில்லை. அங்கே மதிப்பை நிர்ணயிப்பது சந்தை அன்று, அறிவிக்கை. டோயெக் என்று இருந்து 2011இல் நீலிட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் 'ஓ லெவல்' சான்றிதழ் 1990களிலிருந்து வருகிறது. தனியார் கம்பெனியில் காட்டினால் புன்னகைப்பார்கள். சில அரசுப் பணிகளுக்கு அதுவே வாயிற்சீட்டு. நம் ஊரில் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவரைத் தேர்வாணையம் இன்றும் தட்டச்சர் பணிக்குத் தேடுவதில்லையா? அதைப் போல.

இனி, நான் செய்தது. அதற்கு ஒரு செய்தி துணை செய்தது. அதை இவ்வாண்டு வேலைக்குப் போன நம் சங்கத்து முன்னாள் செயலர் ஒருவர் விளக்கினார். மைக்ரோசாப்ட், அமேசான், சிஸ்கோ போன்றவை தங்கள் சரக்கை விற்றுத் தரும் சேவைக் கம்பெனிகளுக்குப் பங்காளர் என்று படிநிலை வைத்திருக்கின்றன. மேற்படிக்கு ஏற வேண்டுமானால் இத்தனை ஊழியர்கள் இன்ன சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு தேவை. ஆதலால் கம்பெனிகள் தங்கள் ஊழியரை அனுப்பித் தங்கள் செலவிலேயே கிளவுட் தேர்வு எழுத வைக்கின்றன. அவர் சேர்ந்த மூன்றாம் மாதமே கட்டணச் சீட்டை நீட்டிவிட்டார்களாம். "புதுசு எதுவா இருந்தாலும் கம்பெனி கட்டும். கம்பெனி கட்டாததை இப்ப உங்க காசுல படிங்க" என்றார். சப்நெட் கணக்கு கற்றுக்கொள் என்று எவரும் அவருக்கு மூன்று மாதம் விடுப்புத் தரவில்லை.

வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய சேவைக் கம்பெனிகள் எந்தச் சான்றிதழையும் அதிகம் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் தாங்களே தேர்வு வைக்கிறார்கள். நிரல் எழுதச் சொல்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் நம்மவர் பலர் வேலைக்குப் போயிருக்கின்றனர். நிரல் எழுதுவதே வேலையாகக் கொள்ளப் போகிறவர் முப்பதாயிரத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, நாள்தோறும் இரண்டு கணக்குப் போடுவது நலம். எனக்கு அந்த வேலையில் நாட்டம் குறைவு. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாக்கெட் எங்கே தொலைந்தது என்று தேடுவதில்தான் எனக்குப் பொழுது போவது தெரியாமல் போகிறது. ஆகையால் 300 டாலரைக் கட்டினேன். மறுநாளே அம்மாவிடம் சொன்னேன். "அது எத்தனை வருசத்துக்குச் செல்லும் கண்ணு?" என்று கேட்டார். மூன்று என்றேன். "நம்ம ஜமுக்காளமே பத்து வருசம் வருமே" என்றார். சான்றிதழுக்கு மூன்றாண்டு, படித்ததற்கு அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

வகுப்புக்கு நான் பணம் கட்டவில்லை. கட்டவும் மிச்சமில்லை. என்.பி.டி.இ.எல்.லில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடங்கள் இலவசம். பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளைச் சிஸ்கோவே இலவசமாகத் தருகிறது. உண்மையான ரூட்டர் தொடாமலே முக்கால் பங்கு பழகிவிடலாம். அறைத்தோழர் தம் வழியே போய் அமேசான் தேர்வுக்குக் கட்டினார். அவருக்கு உறுதியாக ஒரு காரணம் இருந்தது: அவர் விண்ணப்பிக்கும் சிறிய கம்பெனி விளம்பரத்திலேயே அந்தச் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறது. கேட்ட பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் தவறென்ன? அவர் தேர்வு அடுத்த மாதம். என்னுடையது அதற்கு ஆறு வாரம் கழித்து. அவருடைய வி.பி.சி. பாடத்தை நான் கேட்டுக்கொள்கிறேன். என் சப்நெட் கணக்கை அவர் போடுகிறார். 11ஆ, 14ஆ என்ற சண்டை மட்டும் வாரம் ஒரு முறை வந்து போகிறது.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு விடுதியின் தரைத்தள வாசிப்பறையில் நாங்கள் இருவரும், தெலுங்கு மாணவர் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். நம் சங்கத்தவர் யார் வேண்டுமானாலும் வரலாம். முன்னறிவு தேவையில்லை, இரண்டின் அடுக்குகள் தெரிந்தால் போதும். கரும்பலகை இருக்கிறது. சுண்ணக்கட்டி தீர்ந்துவிட்டது, வருவோர் கொண்டு வருக.